பட்டறைக்கு நான் எடுக்காத அழைப்பு

என் அன்பு அப்பா,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு தேய்மானம். கியர்பெட்டியிலிருந்து நீண்டிருக்கும் தண்டின் நுனி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. போன சனிக்கிழமை உங்கள் நண்பர் செல்வம் மாமாவும் நானும் அந்தப் பெட்டியைக் கழற்றி இறக்கினோம். நீங்கள் போன நாளிலிருந்து உங்கள் பழைய அமெரிக்கக் கார் கராஜிலேயே நிற்கிறது. ஜெர்மனியின் இந்தக் கெல்சென்கிர்ச்சன் மழையில் கராஜ் கதவும் துருப்பிடித்துவிட்டது. விற்பதற்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்றார் மாமா.

"அண்ணை பாவம், ஆசையாக் கழட்டிப் பூட்டினவர். ஆனா பிழையாப் பூட்டிப்போட்டார், ஜெனி."

நான் அந்த நுனியைத் துணியால் துடைத்தேன்.

நீங்கள் பிழையாகப் பூட்டவில்லை, அப்பா. நினைவிருக்கிறதா? இந்தக் காருக்கு நீங்கள் வாங்கிய எஞ்சின், தானாகக் கியர் மாறும் வேறொரு காரில் இருந்தது. உங்களுக்கோ கையால் கியர் போட்டு ஓட்ட ஆசை. அப்படியென்றால் கியர்பெட்டித் தண்டின் நுனி, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனைத் துளைக்குள், புஷ் என்ற ஒரு சின்ன வெண்கல வளையத்தில் உட்கார வேண்டும். அந்தத் துளை கடையப்படாமல் சொரசொரப்பாக இருந்தது. உங்களுக்குச் சந்தேகம். அளவை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தீர்கள்.

"கடைசல் பட்டறைக்காரனிட்டை ஒருக்காக் கேள், பிள்ளை. இப்பிடியே பூட்டலாமோ, கடைஞ்சு புஷ் போடவேணுமோ எண்டு. என்ரை டொய்ச் பாஷை அவனுக்கு விளங்காது."

வகுப்பில் வாய் திறக்கப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்காக ஒருநாளும் ஏசாத நீங்கள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இலக்கத்தை அழுத்தாமலே தொலைபேசியைக் காதில் வைத்து, "யா, யா" என்றேன். வெளியே வந்து, "புஷ் தேவையில்லையாம், அப்பா," என்றேன்.

"அப்ப சரி. நீ கேட்டுச் சொன்னது நிம்மதி."

கார் கடகடவென்று சத்தம் போட்டு ஓடிய முதல் நாளே மாமா கேட்டாரே, "என்ன அண்ணை, உள்ளுக்கை ஆரும் மா இடிக்கினமோ?" நீங்களும் சிரித்தீர்கள். பிறகு இரண்டாம் கியர் விழவே இல்லை. "எங்கையோ நான்தான் விட்டுட்டன்," என்று உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

தெரிந்திருந்தால் ஏசியிருப்பீர்களா? ஒருதரம் ஏசியிருந்தால் நல்லாயிருக்கும், அப்பா.

உங்கள் ஆண்டுத் திருப்பலி நினைவு மலருக்கு ஏதாவது எழுது என்றார் அம்மா. இதைத்தான் எழுதுகிறேன். மாமாவும் வாசிக்கட்டும். உங்களோடு காரில் ஏறி, சத்தத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். காரை விற்க விடமாட்டேன். துளையைக் கடைந்து, புஷ் போட்டு, நீங்கள் பூட்டியது போலவே பூட்டுவேன்.

இன்று காலை அந்தத் துண்டுக் கடதாசியை மேசையில் விரித்து வைத்தேன். பட்டறை இலக்கத்தை அழுத்தினேன். யாரோ எடுத்தார்கள். "குட்டன் டாக், எனக்கு ஒரு டெர்மின் வேண்டும்," என்று வணக்கம் சொல்லி, துளையைக் கடைய நேரம் கேட்டேன்.

உங்கள் மகள்,
ஜெனி