புகை போடாத கொட்டகை

என் தேனெறும்பே,

நீ போனபின், நம் வழக்கப்படி உன் பெயரை இங்கே இப்போது யாரும் சொல்வதில்லை. நானும் எழுதவில்லை.

சர்க்கரை வியாதி வராமல் தடுக்கிற திட்டம் பலித்ததா என்று பார்க்க நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நீ கங்காரு வால் சூப் காய்ச்சி, வந்தவர்களைக் கேலி பேசியே ரத்தம் சோதிக்கவைத்த தகரக் கொட்டகையைக் காட்டி, "ஏன் யாரும் வர்றதில்ல? பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

மரிங்கா அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அங்க எங்களச் சிரிக்கவச்சவ செத்துட்டா. அவ அக்கா சொல்லி, பச்சை இலை கொளுத்திப் புகை போட்டாத்தான் நாங்க உள்ள போவோம். உனக்கு அவசரம்னா நீ போய்க் குந்து."

நகரத்துக்காரி முகம் சிவந்துவிட்டது. "குளிர்காலத்துக்குள்ள திறக்கலேன்னா திட்டத்தையே நிறுத்திடுவாங்கம்மா," என்றாள் என்னிடம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

உன் மகள் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள். உனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

புகை போட்டால் நீ அங்கிருந்து போய்விடுவாய். எனக்கு இன்னும் அழுது தீரவில்லை, உடம்பெல்லாம் அசதி. இலை ஒடித்துவரச் சொல்லட்டுமா, தங்கச்சி?

உன் அக்கா