மூத்தவளை விற்ற பிறகு

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் அப்பா ரொம்பவே சௌக்கியம், நான் எப்படி என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே விளங்கும். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் போனில் பேசினால் கார் ஷெட் வரைக்கும் கேட்கும், இப்போது ஷெட் வேறு காலியாகக் கிடப்பதால் பேச்சு எதிரொலிக்கிறது. ஆமாம், காலி. மூத்தவளை விற்றாகிவிட்டது. நம் பழைய காரை நான் மூத்தவள் என்றுதான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும், எனக்கு முன்னாலேயே உன் அப்பாவைக் கட்டிக்கொண்டவள் அல்லவா.

பெட்ரோல் விலை ஏற ஆரம்பித்ததிலிருந்தே வீட்டில் சண்டைதான். சமையல் காஸும் கூடவே ஏறியது. புத்தியுள்ள மனுஷன் என்ன செய்வான், காரை மூடி வைப்பான். உன் அப்பா அடுப்பை மூடச் சொன்னார். பாலை ஒரு தடவைதான் காய்ச்ச வேண்டும், மூடி போடாமல் எதுவும் வேகக் கூடாது, வெந்நீர் எனக்கு மட்டும், அவருக்குப் பச்சைத் தண்ணீரே போதும். இத்தனை தியாகமும் மிச்சம் பிடித்து மூத்தவளுக்கு ஊற்றத்தான். வெளியே எடுக்காவிட்டாலும் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து உறுமவிட வேண்டுமாம், சும்மா நின்னா அதுக்கு உடம்பு கெட்டுப்போயிடும் என்பார். எனக்கு முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனபோது, எந்தக் கால் என்று கேட்டதற்கு உன் அப்பா முந்திக்கொண்டு இடது என்றார், வலி வலதில். அந்த வண்டியில் ஒரு வால்வு லேசாகத் தட்டினால் மட்டும் தெருமுனையிலிருந்தே அவர் காதுக்குக் கேட்டுவிடும். ஞாயிறு காலையில் பழைய கார்க்காரர்கள் எல்லாம் வரிசையாகச் சுற்றப் போவார்களே, அதுவும் நின்றுபோனது. இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனவர்கள் மாதிரி சுற்றி நின்று மெதுவாகப் பேசிவிட்டு வருகிறார்கள். இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் பருப்பு பாதி வேகும்போது காஸ் தீர்ந்து அடுப்பு அணைந்தது. மாற்று சிலிண்டர் எங்கே என்றால் அப்பா தலையைச் சொறிகிறார், சிலிண்டருக்கு எடுத்து வைத்த பணம் ஷெட்டில் பெட்ரோல் கேனாக நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்த வீட்ல ஒண்ணு அவ இருக்கணும் இல்லாட்டி நான் இருக்கணும், அவளை வித்துட்டு மாடியில சோலார் போடுங்க, கரண்ட் அடுப்பு வாங்குங்க, அப்புறம் எது என்ன விலை வித்தா எனக்கென்ன என்று கத்திவிட்டேன். வழக்கம்போல் காதில் வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அந்த அரைவேக்காட்டுப் பருப்பைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, சரி, வித்துடறேன் என்றார்.

வந்து பார்த்தவர்கள் நாலைந்து பேர். கூட விலை சொன்ன ஆளுக்குக் கொடுக்கவில்லை, அவன் வண்டிக் கதவைப் படாரென்று சாத்தினானாம். கடைசியில் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா, அந்தக் கார்க்கூட்டத்தில் இருக்கிற பல் டாக்டரம்மாவுக்கு. என்னைவிடச் சின்ன வயசு, தலைமுடியைக் கத்தரித்துவிட்டிருக்கிறாள், பேச்சு குறைவு. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினாங்க பாரு, என்ன விரல், பல்லைத் தொட்டுப் பழகின விரல் இல்லையா என்று உன் அப்பா என்னிடமே சொல்கிறார். நானும் இத்தனை வருஷமாக இதே விரலால்தான் அவர் சட்டைப் பித்தானைத் தைக்கிறேன். வண்டியை எடுத்துப் போன அன்று அவர் பானட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எனக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கக்கூட அவர் அப்படிக் கை வைத்ததில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியவள் வாசலில் நின்று வயிறெரிந்துகொண்டிருந்தேன். இத்தனை காலம் கரித்துக்கொட்டிய வண்டி இன்னொருத்தி கையில் குழந்தை மாதிரி வளைந்து திரும்பிப் போனதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சோலார் பேனல்கள் வந்தன, அடுப்பும் வந்தது. அடுப்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சத்தமில்லாமல் கொதிக்கிறது, நல்ல வெயில் நாளில் மீட்டரைப் பார்த்தால் மனசு குளிர்கிறது. ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே உன் அப்பா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எங்கே என்றால், புதுக் கைக்கு அதோட குணம் தெரியாது, சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன் என்கிறார். அடுத்த வாரமும் அதே, அதற்கடுத்த வாரமும் அதே. மதியம் பெட்ரோல் வாசனையோடு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார். சாப்பிட உட்கார்ந்தால் டாக்டரம்மா இப்படிச் சொன்னாங்க, டாக்டரம்மா அப்படிக் கேட்டாங்க. மூத்தவள் நம் ஷெட்டிலேயே இருந்தபோது ஒருத்தியோடுதான் போட்டி, அவளுக்கும் வாய் கிடையாது. இப்போது இரண்டு பேர். எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் சிரிப்பாய், சிரித்துக்கொள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு நானும் வர்றேன் என்று கிளம்பினேன். தாராளமா வா என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல். டாக்டரம்மா வீட்டுக்குப் போனால் அந்த அம்மா காருக்கு அடியில் படுத்திருக்கிறாள், இரண்டு கால் மட்டும் வெளியே தெரிகிறது. உன் அப்பா குந்தி உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார். அவள் அடியிலிருந்து ஏதோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார் பார், நீ பிறந்த அன்று சிரித்த மாதிரி. ஒரு தப்பும் இல்லை, சத்தியமாக இல்லை, அப்படி ஏதாவது இருந்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன். ஒன்றும் செய்ய முடியாமல் சமையலறைப் பக்கம் போனேன். அங்கே அந்த அம்மாவின் வீட்டுக்காரர், ஸ்கூலில் கணக்கு வாத்தியார், உருளைக்கிழங்கைத் தீய விட்டுவிட்டு ஜன்னல் வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும், உங்க வீட்டுக்காரர் வந்தாதான் இவ வாயையே திறக்கிறா, என்கிட்ட ஒரு வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து தீய்ந்த கிழங்கைச் சுரண்டினோம். அப்புறம் அவர் வீட்டுக் கதையைச் சொன்னார். பெட்ரோலுக்கு மிச்சம் பிடிக்க இரண்டு லைட்டில் ஒன்றைத்தான் போடலாமாம், அந்த ஒற்றை வெளிச்சத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாராம், வெந்நீர் ஹீட்டரைத் தொடக் கூடாதாம், அவள்தான் அதிகம் சம்பாதிக்கிறவள் என்பதால் வாயைத் திறக்கவும் முடியவில்லையாம். இவ்ளோ பெட்ரோல் ஊத்தறது ஓட்டாம நிறுத்தி வைக்கவான்னு கேட்டா என்ன சொல்றா தெரியுமா என்றார், நானும் அவரும் ஒரே நேரத்தில், சும்மா நின்னா அதுக்கு உடம்பு கெட்டுப்போயிடும் என்று சொன்னோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே ஸ்பேனர் சத்தம் நின்றுபோனதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நம் வீட்டு சோலாரைப் பார்க்க வேண்டும் என்று வாத்தியார் ஆசைப்பட்டார், வாங்க என்றேன். போன ஞாயிறு உன் அப்பா அங்கே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவர் இங்கே வந்தார். என்னோடு ஏணி ஏறி மாடிக்குப் போய், எத்தனை யூனிட் வருது, மேகம் போட்டா என்ன ஆகும், அடுப்பு எவ்வளவு இழுக்குது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒரு ஆள் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மூத்தவள் பேச்சு வந்ததும் மாடியிலேயே இரண்டு பேருக்கும் மறுபடி அதே சிரிப்பு. கீழே இறங்கி டீ கொடுத்து இரண்டு வாய் குடித்திருப்பார், வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் உன் அப்பா. போன பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார் போல, சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. வாத்தியாரை உபசாரமாக வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து, எதுக்கு அவருக்குப் பூப் போட்ட கப்புல டீ என்றார். நல்ல கப்பு அதுதானே இருக்கு என்றேன். அப்படி மாடியில என்ன சிரிப்பு, சோலார்ல சிரிக்க என்ன இருக்கு, தெருவரைக்கும் கேக்குது என்றார். நான் கப்பைக் கழுவப் போனேன். சாயங்காலம் அவரே துணியும் வாளியுமாக மாடிக்கு ஏறி, பேனல் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, இதுல தூசி படிஞ்சா கரண்ட் கம்மியாயிடும், அந்த வாத்தியாருக்கு இதெல்லாம் எங்க தெரியும் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். இறங்கும்போது, உனக்கு வலது முழங்கால்தானே, இனிமே நீ ஏணி ஏறாத என்றார்.

மாப்பிள்ளை ஏதோ பழைய இரண்டு சீட்டு வண்டிக்கு விலை பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்லாதே, சொன்னால் ஆசை இரண்டு மடங்காகும். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இவ எங்க உக்காருவா என்று மட்டும் கேள். வேலைக்குப் போக அத்தனை தூரம் தனியாகக் காரில் போகிறாயே, பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து போனால் பெட்ரோல் மிச்சம், பேச்சுத் துணையும் ஆகும். குளிருக்குப் பயந்து ஹீட்டரைப் போட்டு ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தாதே, கொஞ்சம் காற்று வரட்டும். வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் தீர்க்காயுசாக, ஒருவர் முகம் ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று, வாத்தியார் வருகிற ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நீ போன் செய்யும்போது அப்பா எப்படியும் இந்தப் பேச்சை எடுப்பார், காட்டிக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா