ஓட்டை விழுந்த இலைகள்

ஜூன் 9, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் பனியன் யூனிட் ஆட்கள் நாலு பேரிடம் டேப்லெட்டில் என் கேமைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மொட்டை மலை. விரும்பிய இடத்தில் மரம் வைக்கலாம், ஓடையைத் திருப்பலாம், கல்லை அடுக்கலாம். மார்க் இல்லை, நேரக் கணக்கு இல்லை, தோற்கவும் முடியாது. மனசு ஓய்வாக எதையாவது செய்து பார்க்கட்டும் என்றுதானே ஒரு வருஷமாக இந்த கேமோடு மாரடிக்கிறேன்?

டைலர் நித்தீஷ் ஒரே மரத்தை வரிசை வரிசையாக நட்டுத் தள்ளிவிட்டு, "முடிச்சுட்டனுங்க்கா, அடுத்தது?" என்றான்.

அடுத்தது ஒண்ணும் இல்லடா, அதுதான் கேம்! மனசுக்குள்தான். சிரித்து வைத்தேன்.

ஜூன் 11

வேல்குமார் கேட்ட முதல் கேள்வி: "இதுல ஒரு நாளைக்கு டார்கெட் எவ்வளவு புள்ள?" புருஷனாக இருந்தாலும் பனியன் கம்பெனி முதலாளி முதலாளிதான்.

இல்லைங்க என்றேன். பாவமாகப் பார்த்தார்.

எங்களுக்குள் பேச்சு இதுதான்: ஆடி முடிவதற்குள் ஏதாவது ஒரு கேம் கம்பெனி இதை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் யூனிட்டில் என் பழைய மெர்ச்சண்டைசர் நாற்காலி. துணி வாங்கும் பையர் மெயில், சாய ஷேடு அப்ரூவல், ஷிப்மென்ட் எப்போ மேடம்.

ஜூன் 15, ஞாயிறு

கடவுளே. இவர் சோபாவில் உட்கார்ந்து கேமில் ஓட்டை விழுந்த இலையாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளிப் போடுகிறார்!

"இது டேமேஜ். இது ஷேடு வேற. ஒரே மரத்துல இத்தனை பச்சை வந்தா பையர் எடுப்பானா?"

மரத்துக்கு ஏதுங்க பையர்?

அந்த ஓட்டைகள் அத்தனையும் நான் வரைந்தது. புழு தின்ற ஓட்டை. புழு இருந்தால்தான் கூடு, அப்புறம் பட்டாம்பூச்சி. இலையைக் கிள்ளினால் புழுவும் போச்சு. கேமில் இதை எங்கேயும் சொல்வதில்லை, விளையாடுகிறவர்களே கண்டுபிடிக்க வேண்டும். இவர் மலை இப்போது இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. ஈ காக்காய் இல்லை.

ஜூன் 24

கேமை அனுப்பியிருந்த பெங்களூர் கம்பெனியின் மெயில். படம் பிரமாதமாம், இசை பிரமாதமாம். ஆனால் விளையாடுகிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாதாம். 'இலையைக் கிள்ளாதீர்கள், பட்டாம்பூச்சி வரும்' என்று முதலிலேயே காட்ட வேண்டுமாம். பத்துப் பூச்சிக்கு ஒரு ஸ்டார். இவ்வளவும் போட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

கேமுக்குக் கோடிங் எழுதுகிற தரணி, "போட்டுக் குடுத்துரலாம் வினி, ரெண்டு நாள் வேலை" என்றாள். போட்டால் அதுவும் டார்கெட் வைத்த இன்னொரு யூனிட். போடாவிட்டால் நாற்காலி. எரிச்சலில் அவளிடம் கத்திவிட்டேன். அவள் என்ன பண்ணுவாள், பாவம்.

ஜூன் 27

இவருடைய புகார்: "உன்ற கேம்ல கோளாறு இருக்குது. தரணி மலையில பட்டாம்பூச்சி பறக்குது, நம்ம மலையில ஒண்ணுகூட இல்ல. சரி பண்ணிக் குடு."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் பெங்களூர்க்காரன் ஜெயித்துவிடுவான். கோளாறெல்லாம் இல்லைங்க என்று மட்டும் சொன்னேன். "குவாலிட்டியே சரியில்ல" என்று முனகிக்கொண்டு மறுபடி கிள்ள உட்கார்ந்தார். போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 28

இன்றும் கிள்ளுகிறார்.

ஜூலை 6, ஞாயிறு

ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு வாரமாக டேப்லெட்டைத் தொடவில்லை மனிதர். இன்று சாயங்காலம் திறந்தவர் கத்திக் கூப்பிட்டார். கொன்றை மரம் முழுக்க ஓட்டை. மேலே மஞ்சளாகப் பட்டாம்பூச்சிகள்.

"நான் இல்லாதப்ப வந்துருக்குது."

இலையைப் பெரிதாக்கிப் பார்த்தார். புழு. கிள்ளப் போன விரலை எடுத்துக்கொண்டார்.

"ஓட்டை போட்டது இவன்தானா?"

அப்புறம் அதையே பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கேமுக்குப் போய் — வெட்கக்கேடு.

ஜூலை 7

பெங்களூருக்கு எழுதிவிட்டேன். ஸ்டார் கிடையாது. முன்கூட்டிச் சொல்வதும் கிடையாது.

ஜூலை 14

அப்படியென்றால் வேண்டாம் என்று பெங்களூரிலிருந்து இரண்டே வரி. இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? கேட்கத் தைரியம் இல்லை.

ஜூலை 19, சனி

காபி கொடுக்கும்போது சொல்கிறார்: "திங்கக்கெழமை ரெண்டு பேரு இன்டர்வியூக்கு வர்றாங்க. நீதான் கேள்வி கேக்கோணும்."

"என்ன வேலைக்குங்க?"

"மெர்ச்சண்டைசருக்குத்தான்."

"அது என்னோட நாற்காலியாச்சே?"

"நீ உன்ற கேமை வேற கம்பெனிக்கு அனுப்பிப் பாரு." டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஏம்புள்ள, இந்த எலுமிச்சைச் செடியில இன்னும் ஒரு புழுவும் காணோம். எப்பத்தான் வரும்?"

சொல்ல மாட்டேன் போங்க என்றேன்.