விதிப்படி என்று நான் சொன்னது

பேருக்கேற்ற பேச்சுக்காரியான என் பேச்சியம்மாளுக்கு,

சாரல் ஆரம்பித்துவிட்டது. நேற்று நானும் நம் மகள் முத்துவும் தென்காசி கோர்ட்டுக்குப் போன பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம். பக்கத்தில் இருந்தவர், "அருவியில தண்ணி நல்லா விழுதாம்லா அண்ணாச்சி, நீங்க குளிக்கலியா?" என்று கேட்டார். உன் காரியத்துக்கு அங்கே முங்கி எழுந்ததோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா?

உன் வழக்கு விஷயமாகத்தான் எழுதுகிறேன். இதில் வசமாக மாட்டிக்கொண்டேன், பேச்சி. மாட்டிவிட்டது வேறு யாரும் இல்லை, என் வாய்தான். நீ பேசுகிற வீட்டில் நான் வாயில்லாப்பூச்சி என்று ஊரெல்லாம் பெயர். பேச வேண்டாத இடத்தில் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டேன்.

புளியறையில் நீ வேலை பார்த்த ஓட்டலுக்குப் பின்னால், தண்ணீர் வாளியோடு நீ வரும்போது அந்த லாரி பின்பக்கமாக வந்து உன்னை அடித்துப் போட்டது. நான் ஸ்டேஷனுக்குப் போனபோது அதை ஓட்டிய ஆலங்குளத்துக்காரன் பெஞ்சில் நடுங்கிக்கொண்டு இருந்தான். என் காலைப் பிடித்தான். நானும் இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவன், அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற வீறாப்பு வேறு. போலீஸ்காரர் கேட்டதும், "எல்லாம் விதிப்படி நடந்துட்டு. டிரைவர் மேல ஒண்ணும் கொறை சொல்லல" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

முத்து பதினாறு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவளே வக்கீலைப் பார்த்து நஷ்டஈட்டு வழக்குப் போட்டாள். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பதில் போட்டது: அந்த அம்மாள் கவனிக்காமல் தானே லாரிக்குப் பின்னால் போய் விழுந்தாராம். அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "எப்பா, அம்மா என்ன கண்ணு தெரியாதவளா?" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வழக்கை விட்டால், உன் சாவுக்கு நீதான் காரணம் என்று காகிதத்தில் நின்றுவிடும். நடத்தினாலோ, என் கையெழுத்தே எனக்கு எதிரே வந்து நிற்கிறது.

நேற்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"'விதிப்படி நடந்தது'ன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ லாரி விதிப்படிதான் வந்திருக்கு, சரிதானே?"

"அய்யா, நான் சொன்னது தலவிதிய."

"தலைன்னு இதுல இல்லையே."

யாரோ சிரித்தார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே அது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க தொழில்லயும் ஒரு விதி உண்டும்யா. லாரியப் பின்னால எடுக்கணும்னா ஒரு ஆள் எறங்கி நின்னு பாக்கணும். அவன் யாரையும் எறக்கல" என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார்.

வக்கீல் விடவில்லை. "நீங்களும் டிரைவர்தானே? ஆள் இல்லாம நீங்க பின்னால எடுத்ததே இல்லையா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் மீதியை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்ததும் நம் வக்கீல், "இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருங்க அண்ணாச்சி. ஆமான்னா, எல்லா டிரைவரும் செய்யுததுதானேன்னு கொண்டு போயிருவாங்க" என்றார். முத்து என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆய்க்குடி முருகனைப் பார்க்க உன்னை லாரியிலேயே கூட்டிப்போன அன்று, கண்ணாடியை மட்டும் பார்த்து நான் பின்னால் எடுக்கப் போனேன். நீ கதவைத் திறந்து குதித்துவிட்டாய். "பின்னால ஆளு நிக்கான், ஆடு நிக்குன்னு ஒங்க கண்ணாடி சொல்லுமா? நான் எறங்குதேன். ரெண்டு தட்டு தட்டுனா நின்னுரணும்." அதற்கப்புறம் நீ கூட வந்த போதெல்லாம் நீதான் இறங்கி நின்றாய். நீ ரெண்டு தட்டு தட்டுவாய், நான் நிறுத்துவேன். நீ வராத நாளில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஓட்டல் மாஸ்டர் ரொம்ப நாள் கழித்து என்னிடம் வந்து சொன்னார். "லாரியில பாட்டு அலறிட்டு இருந்துச்சு. அதுக்கு நடுவுல தகரத்துல ரெண்டு தட்டு கேட்டுது அண்ணாச்சி." கோர்ட்டுக்கு மட்டும் வர மாட்டாராம், லாரிக்காரர்களை நம்பித்தான் அவர் பிழைப்பு.

கவனிக்காதவளா தட்டினாள்? ரெண்டு தட்டினால் எல்லா லாரியும் நின்றுவிடும் என்று உன்னை நம்பவைத்தவன் நான்தானே, பேச்சி?

இப்போதெல்லாம் நானே இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு, மறுபடி ஏறித்தான் எடுக்கிறேன். செக்போஸ்ட்டில் பின்னால் நிற்கிறவன், "என்னவே, லாரியச் சுத்திப் பெரதட்சணம் வைக்கீரோ?" என்று கத்துகிறான். கத்தட்டும்.

அடுத்த வாய்தாவில் அதே கேள்வியைக் கேட்பார்கள். "எடுத்திருக்கேன்யா, நெறைய தடவ எடுத்திருக்கேன். யாரும் சாகலங்கிறதால அது சரின்னு ஆயிருமா? அது டிரைவர் தப்புன்னு எனக்குச் சொல்லித் தந்ததே செத்துப்போனவதான்" என்று சொல்லப்போகிறேன். வழக்கு தோற்றாலும் தோற்கட்டும். உன்னைக் கவனமில்லாதவள் என்று எழுதுகிற காகிதத்திலேயே இதையும் அவர்கள் எழுதியாக வேண்டும். விதி என்ற வார்த்தை மட்டும் இனி என் வாயில் வராது, இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் ரெண்டு தட்டுக்கு நிற்கிற
உன் வீட்டுக்காரன்