சீர்த் தட்டு வேட்டி

காலை ஐந்தே முக்கால்.

இந்திராணி,

இட்லி ஹாட்பாக்சில் இருக்கிறது. சிலிண்டர் வந்தால் புத்தகம் டிவி மேல்.

உன் தம்பி கல்யாணத்துக்குப் போகும் வழியில் நம் பழைய கார் ஏர்பேட்டில் சூடாகி நின்றது. சீர்த் தட்டிலிருந்த வேட்டியை நனைத்து இன்ஜின்மேல் சுற்றியது என் தப்புதான். "மாமா, வேட்டி எனக்கா, காருக்கா?" என்று அவன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து காரில் ஏறவும் இல்லை; எங்கே போனாலும் ரயில்தான்.

இப்போது பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் புதிது. பதினெட்டு நாளாக அதில்தான் ஸ்ரீ சிட்டி வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு நாளும் நிற்கவில்லை.

தம்பிக்கு வேறு வேட்டி பீரோவில் இருக்கிறது. நீயே கொடு.

பூவராகவன்

இன்னொன்று: பாத்ரூம் கதவருகே நின்று கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்னவோ.

"சாயந்திரம் நீ ரயில் இறங்குற நேரத்துக்கு நகரி ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துக்கினு வர்றேன். ஏறுவியா, இந்திரா?"