பாதியில் நின்ற சாட்சி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே கர்த்தருடைய கிருபையால் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, அத்தனை வருஷப் பழக்கம். உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அப்பாவின் முழங்கால் வலியும் என் இருமலும் எப்போதும் போல வீட்டு ஆட்களாக எங்களோடு இருக்கின்றன. மனசைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் அழுதுவிடுவேன், நீ உடனே எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். சாப்பிடுகிறாய் அல்லவா, நீ போன தடவை அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிந்தது.

நீ அனுப்பியதைப் படித்தேன், திரும்பத் திரும்பப் படித்தேன். தம்பி போனதிலிருந்து ஜெபம் பண்ணவே இல்லை, கண்ணை மூடினால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது, இதைக் கேட்டால் அம்மா உடைந்துபோவாள் என்று இத்தனை மாதமும் மறைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அவனுடைய முதல் வருஷ நினைவு ஆராதனைக்கு வரமாட்டேன், அந்தக் கோயிலுக்குள் என்னால் கால் வைக்க முடியாது என்றும் எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் விட அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நாம யாருக்கும்மா நன்றி சொன்னோம் என்று கேட்டிருந்தாய். நான் உடைந்துபோகவில்லை கண்ணு. இந்த வீட்டில் அதைக் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே நீயும் தனியாக உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கும் மறந்திருக்காது. தம்பிக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கட்டி தெரியவில்லை என்று டாக்டர் சொன்ன வாரம். நம்ம சபையில் சாட்சி சொல்வது எப்படி என்று உனக்குத் தெரியும், முன்னால் போய் மைக்கைப் பிடித்துச் சொல்லி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னால்தான் அது சாட்சி. போதகர் கூப்பிட்டார், நான் ஓடினேன் என்றே சொல்லலாம். என் பிள்ளை பூரண சுகம் பெற்றான் என்று சொன்னேன். டாக்டர் சொன்னது இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுபடி வந்து பாருங்கள் என்பது மட்டும்தான். பின்பாதி என் காதிலேயே விழவில்லை, சந்தோஷம் அடைத்துக்கொண்டது. தம்பியிடம் மைக்கைக் கொடுத்தபோது அவன் சொன்னது என்ன தெரியுமா, இப்போ நல்லா பசிக்குது, அதுக்கு நன்றி, அவ்வளவுதான். சபையே சிரித்தது. நீ அங்கிருந்து ஆராதனையைப் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டே ஆமென் என்று எழுதிப் போட்டாய். இரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவள் நீ, ஒரு தடவை சுத்தமாக வந்தால் அது சுகம் ஆகாது என்று உனக்குத் தெரிந்திருந்தும் போட்டாய், அந்த ஆமென்தான் இன்னும் குத்துகிறது என்கிறாய். குத்தட்டும், ஆனால் அதற்காக வெட்கப்படாதே. தம்பி பிழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கை அது.

இப்போது கோயிலில் என் நிலைமையைச் சொல்கிறேன். யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, அதுதான் கஷ்டம். நான் வந்தால் பேச்சு மெதுவாகிவிடும். சுகம் கிடைத்தவர்கள் என் பக்கம் பார்க்காமல் சாட்சி சொல்வார்கள், கடன்காரனைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி. நான் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன், பாட்டுக்கு வாய் அசையும், சத்தம் வராது. அப்பா உள்ளேயே வருவதில்லை. என்னை இறக்கிவிட்டு வாசலில் நம்ம பழைய வேனிலேயே உட்கார்ந்துவிடுவார். வண்டியப் பாத்துக்க ஆள் வேணாமா என்பார். அந்த வேனைச் சும்மா கொடுத்தால்கூட ஒருவரும் எடுத்துப்போக மாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் வெளியே ஒலிபெருக்கி இருக்கிறது, பிரசங்கம் முழுவதும் அவர் காதில் விழும், வேன் கண்ணாடியை மட்டும் ஏற்றிவிடமாட்டார். அதை நான் கவனித்து வைத்திருந்தேன், சொல்லவில்லை, சொன்னால் ஏற்றிவிடுவார்.

வேலை எப்போதும் போல. பல்செட் கட்டுகிற கூடத்தில் மெழுகும் அச்சு எடுக்கிற மாவின் தூசியுமாகப் பொழுது போகிறது. நம்ம போதகருக்கும் நான்தான் செட் கட்டிக் கொடுத்தேன், முதல் மாதம் பிரசங்கத்தில் விசில் அடித்ததே, அவராகவே மறுபடி வந்து சரிசெய்துகொண்டு போனார். புதுப் பல் போட்டவர்கள் நிறைய பேர் வலிக்கிறது என்று அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள், வெளியேயும் சொல்லமாட்டார்கள், குழைந்த சாதமாகச் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டுவார்கள். வந்து எங்கே வலிக்கிறது என்று காட்டினால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுப்போம், வாயைக் குறை சொல்லமாட்டோம். போன வாரம் ஒரு பெரியவருக்கு அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, நான் எங்கே வலிக்கிறது என்று இதுவரை ஒருவரிடமும் காட்டவில்லை. ஆண்டவரிடமும் காட்டவில்லை. அவரிடமும் நான் குழைந்த சாதத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தேன், இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், இந்த உணவுக்காக ஸ்தோத்திரம் என்று.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். தையல்கடை வைத்திருக்கிறாளே, உன் சாம்பல் நிறக் கோட்டுக்குக் கை குறைத்துக் கொடுத்தவள், அவளுடைய சின்ன மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தாய்தான் சாட்சி சொல்ல எழுந்தாள். காய்ச்சல், மூச்சுத்திணறல், டாக்டர்கள் கைவிட்டது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். நான், நான் அப்புறமா சொல்றேன் ஐயா என்று மைக்கை வைத்துவிட்டு இறங்கப் போனாள். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் துக்கம் அவள் பிள்ளை பிழைத்ததைக்கூடச் சொல்லவிடாமல் வாயை அடைக்கிறதே என்று இருந்தது. எழுந்து, முழுசா சொல்லும்மா, பிள்ளை வந்துடுச்சுல்ல, சொல்லு என்றேன். அவள் அழுதுகொண்டே முடித்தாள். உன்னிடம் மறைப்பானேன், கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது, உன் பிள்ளைக்கு மட்டும் எப்படி என்று நெஞ்சு எரிந்தது. உட்காரப் போன நான் உட்காராமல் முன்னால் நடந்தேன். கால்கள் ஏன் போயின என்று இப்போதும் தெரியாது.

மைக்கைப் பிடித்து என்ன சொன்னேன் என்றால், என் பையன் சுகமாயிட்டான்னு இங்கதான் நின்னு சொன்னேன், கட்டி திரும்ப வந்துச்சு, அவன் செத்துப்போயிட்டான், அதையும் இங்கேயே நின்னு சொல்லணும்ல, அந்தச் சாட்சி பாதியில நிக்குது என்றேன். எனக்கு ஆண்டவர் மேல கோபம், ஏன்னு கேட்டேன், பதில் வரல, இருக்காரான்னுகூட சில நாள் தெரியல, ஆனா கோபப்படறதுக்கு வேற யார்கிட்டயும் போகத் தோணல என்றேன். ஆமென் வரவில்லை. எப்படி வரும், இப்படி ஒரு சாட்சிக்கு யார் ஆமென் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். போதகர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நல்லவர், அந்த நேரம் ஒன்றும் விளக்காமல் இருந்ததற்கே நான் அவரை மதிக்கிறேன். அப்போது பின்னால் கதவு திறந்தது. அப்பா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக நடுவழியில் வந்து என் பக்கத்தில் நின்று, மைக்கில்கூட இல்லை, வெறும் குரலில், ஆமென் என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எப்போதும் வருகிற இரைச்சலாக இல்லை, கூடத்தில் அங்கங்கே தனித்தனியாக வந்தது. தையல்கடைக்காரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதனால் எனக்கு விசுவாசம் திரும்பிவிட்டது, நீயும் திரும்பிவிடு என்று சொல்லவரவில்லை. நீ கேட்டாயே, யாருக்கு நன்றி சொன்னோம் என்று. தம்பி பசிக்கு நன்றி சொன்னான், அது உண்மை, அன்றைக்கு அவன் நன்றாகச் சாப்பிட்டான், அந்த நன்றியை நான் திருப்பி வாங்கமாட்டேன். மற்றதற்கெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கப்போகிறேன். முன்பு எனக்கு இருந்தது ஒரு சந்தேகமும் தொடாத நம்பிக்கை, இப்போது இருப்பது மெலிந்துபோனது, பார்க்க நன்றாக இல்லை, ஆனால் இதில் நான் பொய் சொல்லவில்லை. நீயும் ஜெபிக்க முடியாவிட்டால் ஜெபிக்காதே. சந்தேகம் வந்தால் சந்தேகத்தையே அவர் முகத்துக்கு நேரே சொல். எங்களிடம் மட்டும் இனி மறைக்காதே. நினைவு ஆராதனைக்கு நீ வீட்டுக்கு வந்தால் போதும், கோயிலுக்குள் வர வேண்டாம், வேனில் உட்கார்ந்துகொள், கண்ணாடியை உன் இஷ்டப்படி வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா ஜெபம் பண்ணினார், தம்பி போன பிறகு முதல் தடவை. பழக்கத்தில் மூத்தவளையும் சின்னவனையும் காத்தருளும் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது, நான் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம், சின்னவன் உம்மகிட்ட இருக்கான், அவனுக்குச் சீக்கிரம் பசிக்கும், பாத்துக்கும் என்றார். பிறகு, மூத்தவ உம்மோட பேசறதில்லையாம், பரவாயில்ல, நீர் அவளோட பேசறத நிறுத்திடாதேயும் என்றார். இதை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன், எழுது என்றார்.

கர்த்தர் உன் போக்கிலும் வரத்திலும் உன்னோடு இருக்கட்டும், நீ அவரை உணராத இடத்திலும் இருக்கட்டும். ஞாயிறு சாயங்காலம் போன் பண்ண மறக்காதே. பேசத் தோன்றாவிட்டால் பேசாதே, போனை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், நீ பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இங்கே இருப்போம்.

உனக்காகவும் எனக்காகவும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்,
அம்மா