சிப்புக்குக் கொடுத்த பொட்டு

என்னங்க,

இன்றைக்கு உங்கள் ரிப்பேர் சாமான் பெட்டியைத் திறந்தேன். ஈயம் பற்றவைக்கும் வாசனை இன்னும் போகவில்லை. நாளைக்கு உங்கள் கருமாதி. நெற்றியில் பொட்டு இருக்கக் கூடாது என்று உங்கள் அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். மனசு ஒப்பவில்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

எண்பதுகளில், ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஈப்போ டவுனுக்கு வந்த புதிது. பகலில் உங்களுக்கு ரேடியோ ரிப்பேர் கடை, வீட்டுக்கு வந்தால் அந்த முட்டைப் பெட்டி. சுங்காய் ஊர்க் கோழிப் பண்ணையின் சீன முதலாளி தவுக்கேயிடம், குஞ்சு பொரிக்க முட்டைக்கு வேண்டிய சூட்டைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் கருவி செய்து தருவதாகச் சொல்லிவிட்டீர்கள். கணக்குப் போடுவது, ஞாபகம் வைப்பது எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் சிப்புக்குள் என்று பூரித்துப்போவீர்கள். அது உட்காரும் பலகையை வரைந்ததும் நீங்கள், அதற்குள் ஓடும் ப்ரோகிராமை எழுதியதும் நீங்கள். அதைச் சிப்பில் ஏற்ற, நான் தாளைப் பார்த்து வாசிப்பேன், நீங்கள் பொத்தானை அமுக்குவீர்கள். எண்கள், அப்புறம் ஏ முதல் எஃப் வரை. இன்றுவரை எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ஒரு வரி தாண்டிவிட்டால், "கோழிக்குப் பதிலா வாத்து வந்துரும்லா" என்பீர்கள்.

வீட்டில் நன்றாக ஓடியது பண்ணையில் காலை வெயிலில் ஓடவில்லை. சூடேற்றும் பல்புகள் அணைந்து அணைந்து எரிந்தன. உள்ளே முட்டைகள். அவை வீணானால் அப்புறம் யார் உங்களை நம்பி வேலை தருவார்கள்? நீங்கள் குனிந்தால் ஓடும், நிமிர்ந்தால் நிற்கும். உங்களைப் பார்த்துப் பயப்படுகிறது போல என்றேன். அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டீர்கள். ப்ரோகிராமை ஒளி காட்டி அழிப்பதற்காக அந்தச் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி உண்டு. அதை மூடாமலே கொண்டுவந்துவிட்டோம். உங்கள் நிழல் விழாதபோதெல்லாம் வெயில் புகுந்து குழப்பிவிட்டது.

மூட ஒன்றும் அகப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"புள்ள, அந்த ஸ்டிக்கர் பொட்டக் குடு."

புருஷன் எதிரே நிற்கும்போது பொட்டை எடுப்பதா? "ஒங்களுக்கு ஏதும் ஆயிட்டா?" என்றேன்.

"முட்டைக்கு ஆவாம இருந்தா போதும். எனக்கு ஒண்ணும் ஆவாது."

ஒட்டியதும் பல்புகள் அணையாமல் எரிந்தன. வெறும் நெற்றியோடு பஸ் ஏறினேன். ஒரு பாட்டி என்னைப் பார்த்து, பாவம் சின்ன வயசு என்று நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நீங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே திரும்பிக்கொண்டீர்கள்.

குஞ்சுகள் பொரித்தன. அதற்குப் பிறகு எத்தனையோ வருசம் நன்றாகத்தான் இருந்தீர்கள். பொட்டை எடுத்ததால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைத்திருந்தும் உங்களைப் பிடித்துவைக்க முடியவில்லை. அப்படியென்றால் அது என்னுடையதுதானே.

நாளைக்கு உங்கள் அக்கா கையை நீட்டினால் இப்படித்தான் சொல்லப் போகிறேன்: "கேக்க வேண்டியவரு ஒரு தடவ கேட்டாரு, எடுத்துக் குடுத்தேன். இனி யாருக்கும் குடுக்க மாட்டேன், அண்ணி."